சின்னத்திரை வேலைக்காரியும் நம் சபைச் சகோதரியும்





சில மாதங்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை மாலை, மும்பையில் நம் விசுவாசக் குடும்பம் ஒன்றைச் சந்திக்கச் சென்றிருந்தேன். பத்துக்குப் பத்து ஒற்றை அறை. தாயார் இன்னும் வேலையிலிருந்து திரும்பவில்லை. பிள்ளைகள் இருவரும் எனக்கு நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டு, டி.வி.யை விட்ட இடத்திலிருந்து பார்க்கத் தொடங்கினார்கள். ஏதோ ஓர் இந்தி நகைச்சுவைத் தொடர். விசாலமான வரவேற்பறை, நடுவில் சோபா. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிய வேலைக்காரப் பெண் ஒருத்தி, துடைப்பத்தைக் கொடிக்கம்பம்போல் பிடித்தபடி, எஜமானியம்மாளுக்குப் பக்கத்து வீட்டுக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். சம்பளத்தைக் கூட்டினால்தான் மீதிக் கதை என்று நிறுத்தினாள். பின்னணியில் சிரிப்பொலி எழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதை உங்களிடம் மறைப்பதற்கில்லை.

அந்த நேரத்தில் பிள்ளைகளின் தாய் உள்ளே வந்தார். சேலையின் கீழோரம் ஈரமாயிருந்தது. "ஸ்தோத்திரம் ஐயா" என்று கைகூப்பியபோது பார்த்தேன். சோப்புத் தூளில் ஊறிய விரலிடுக்குகளில் தோல் வெந்து வெளுத்திருந்தது. எட்டாம் வகுப்பில் படிக்கும் மகள் சட்டென்று எழுந்து டி.வி.யை அணைத்தாள். போதகர் வந்திருக்கையில் டி.வி. ஓடக்கூடாது என்று அணைக்கிறாள் போலும் என நினைத்தேன். நான் வந்தபோது அணைக்காதவள், அம்மா வந்தபோது அணைத்தாள் என்பது திரும்பும் வழியில் ரயிலில்தான் என் மனதில் உறைத்தது. பள்ளிப் படிவத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் அந்தப் பிள்ளை 'ஹவுஸ் வைஃப்' என்று எழுதி வருவதைப் பின்னொரு நாள் அந்தச் சகோதரியே என்னிடம் சொன்னார். வருத்தத்தோடு சொல்லவில்லை. அப்படித்தான் எழுத வேண்டும் என்று அவரும் நினைத்திருந்தார்.

விசுவாசிகளின் வீட்டில் டி.வி. இருக்கலாமா என்ற வாதம் நம் சபைகளில் பழையது. அதை இங்கே நான் திறக்கப் போவதில்லை. டி.வி.யை வெளியே எறிந்த வீடுகளிலும் கைப்பேசி வழியாக அதே காட்சிகள் உள்ளே வந்துவிட்டன. ஆபாசத்தைக் குறித்தும் வன்முறையைக் குறித்தும் நாம் போதுமான அளவு பிரசங்கித்திருக்கிறோம். யாரும் தவறாக நினைக்காத, குடும்பத்தோடு பார்க்கத் தகுந்தது என்று நாமே சான்று கொடுக்கும் நகைச்சுவைத் தொடர்களைப் பற்றியே இம்மாதம் பேச விரும்புகிறேன்.

கழுதை என்ற பெயர்

2011 முதல் 2017 வரை சப் டி.வி.யில் ஒளிபரப்பான 'சிடியா கர்' தொடர் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஒழுங்கும் பாசமும் உள்ள நல்ல குடும்பம். அவ்வீட்டில் பலருக்கும் விலங்கு, பறவைகளின் பெயர்கள்தாம். ஒருவருக்குக் குதிரை, ஒருவருக்குக் குரங்கு, மருமக்களுக்குக் குயிலும் மயிலும், பேரனுக்கு யானை. வீட்டு வேலைக்காரருக்கு எது மிஞ்சியது? கதா பிரசாத். இந்தியில் 'கதா' என்றால் கழுதை. பெயர் சூட்டியவர்கள் பொல்லாத எண்ணத்தோடு சூட்டியிருக்க மாட்டார்கள். யோசிக்காமல் சூட்டியிருப்பார்கள். யோசிக்காமலே அந்தப் பெயர் அவருக்குப் பொருந்திவிட்டது என்பதுதான் என்னை யோசிக்க வைக்கிறது.

2008-இல் தொடங்கி ஆயிரக்கணக்கான பகுதிகளைக் கடந்த 'தாரக் மேத்தா கா உல்டா சஷ்மா' தொடரில் நட்டு காக்கா என்ற வயோதிபர் வருவார். அவர் வீட்டு வேலையாள் அல்லர், மின்சாதனக் கடை ஊழியர். ஆனாலும் அவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சம்பளத்தைச் சற்று உயர்த்தித் தாருங்கள் என்று அவர் முதலாளியிடம் கேட்பதும், முதலாளி ஏதாவது சொல்லி நழுவுவதும் அத்தொடரின் நிரந்தரச் சிரிப்பு. உபாகமம் 24:14, 15 வசனங்களைத் திறந்து வாசியுங்கள். எளிய கூலியாளின் கூலியைச் சூரியன் அஸ்தமிக்கும் முன்னே கொடுத்துவிட வேண்டும். அவன் அதன்மேல் ஆவலாயிருக்கிறான். கொடுக்காவிட்டால் அவன் கர்த்தரை நோக்கி முறையிடுவான், அது நம்மேல் பாவமாகும் என்று அங்கே காண்கிறோம். கர்த்தரின் சந்நிதியில் முறையீடாக ஏறுவது, சின்னத்திரையில் வேடிக்கையாக ஓடுகிறது.

இது நம் நாட்டின் குற்றம் மட்டுமல்ல. அமெரிக்காவில் 1969 முதல் 1974 வரை ஓடிய 'தி பிரேடி பன்ச்' என்ற புகழ்பெற்ற குடும்பத் தொடரில், ஆறு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஆலிஸ் என்ற பணிப்பெண் நீலச் சீருடையில் எந்நேரமும் சிரித்த முகமாக இருப்பாள். சமையலறைக்கு அருகில் அவளுக்கு ஓர் அறை. அந்நாட்டில் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் 1938-இல் வந்தபோது வீட்டு வேலையாட்கள் அதற்குப் புறம்பே விடப்பட்டிருந்தனர். அவர்களையும் உள்ளே சேர்த்த திருத்தம் வந்த ஆண்டு 1974. அதாவது, தேசம் முழுவதும் ஆலிஸைப் பார்த்து மகிழ்ந்த அந்த ஐந்தாறு ஆண்டுகளும், ஆலிஸைப் போன்ற நிஜப் பெண்களுக்கு அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை.

'ஸ்மால் வொண்டர்' என்றொரு தொடரும் உண்டு. 1985 முதல் 1989 வரை அமெரிக்காவிலும், பின்னர் நம் நாட்டிலும் ஒளிபரப்பானது. விக்கி என்ற சிறுமி ஓர் இயந்திரம். மின்னல் வேகத்தில் வீட்டு வேலைகளைச் செய்வாள். உணவு வேண்டாம், கூலி வேண்டாம், நோய் வராது. இரவில் அலமாரிக்குள் நிற்பாள். வெளியாரிடம் அவளைத் தத்தெடுத்த மகள் என்று சொல்லிக்கொள்வார்கள். 2003-இல் ஸ்டார் பிளஸில் 'கரிஷ்மா கா கரிஷ்மா' என்று அதை இந்தியில் எடுத்தபோது நம் பிள்ளைகள் விரும்பிப் பார்த்தார்கள். மகள் என்று பெயர், அலமாரியில் இடம். "எங்க வீட்டுல ஒருத்தி மாதிரிதான் வச்சிருக்கோம்" என்று நாமும் சொல்லுவதுண்டு அல்லவா? வீட்டில் ஒருத்தி என்றால் எந்தத் தம்ளரில் தண்ணீர் குடிக்கிறாள், எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறாள், காய்ச்சல் வந்தால் எத்தனை நாள் சம்பளம் பிடிக்கப்படுகிறது என்று கேட்டுப் பாருங்கள். நம் மகளுக்குக் காய்ச்சல் வந்தால் நாம் சம்பளம் பிடிப்பதில்லை.

நான்கு வீடுகள்

அந்தச் சகோதரியிடம் ஒருநாள் உட்கார்ந்து கேட்டேன். அவருக்கு நான்கு வீடுகள். காலை ஆறரை மணிக்கு முதல் வீட்டில் பாத்திரமும், ஜாடு-போச்சா என்று இங்கே சொல்லும் பெருக்கித் துடைக்கும் வேலையும். எட்டு மணிக்கு அடுத்த வீடு. மூன்றாவது வீடு பதினோராவது மாடியில். அங்கே காவலாளியிடம் கையெழுத்திட்டு, அடையாள அட்டையைக் காட்டி, பொருட்கள் ஏற்றும் லிஃப்டில்தான் போக வேண்டும். திரும்பும்போது பையைத் திறந்து காட்ட வேண்டும். நான்காவது வீட்டில் முதியவர் ஒருவரைக் கவனிப்பதோடு சப்பாத்தியும் போட வேண்டும். பெருக்கித் துடைப்பதற்கு ஒரு தொகை, பாத்திரத்துக்கு ஒரு தொகை, துணிக்கு ஒரு தொகை என்று தனித்தனியே பேசித்தான் வேலை. விருந்தாளிகள் வந்தால் பாத்திரம் இரட்டிப்பாகும், தொகை இரட்டிப்பாகாது. இத்தனை வீடுகளில் கழிப்பறையைச் சுத்தம் செய்கிறவர், அவற்றைப் பயன்படுத்த அனுமதி உள்ளது ஒரே ஒரு வீட்டில். ஆகையால் காலையில் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். சிறுநீர்த் தொற்றுக்காக நம் சபையில் அவர் இரண்டு முறை ஜெபிக்கக் கேட்டதன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாங்களும் கைகளை வைத்து ஜெபித்தோம். ஏன் வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

இதில் எந்தப் பகுதியைச் சின்னத்திரையில் கண்டீர்கள்? அங்கே வேலைக்காரிக்கு ஒரே வீடு. நாள் முழுவதும் அங்கேயே இருப்பாள். அவளுக்குச் சொந்த வீடு இல்லை, முழங்கால் இல்லை, மாதக் கடைசி இல்லை. இத்தொடர்கள் எடுக்கப்படும் விதமும் இதற்கு ஒரு காரணம். மூன்று சுவர்கள் கொண்ட வரவேற்பறையை அரங்கமாக அமைத்து, நான்காவது சுவர் இருக்க வேண்டிய பக்கத்தில் காமிராக்களை நிறுத்துவார்கள். கதை பெரும்பாலும் சோபாவைச் சுற்றியே நடக்கும். வீட்டு வேலையோ பாத்திரத் தொட்டியிலும் குளியலறையிலும் துணி காயும் பால்கனியிலும் நடக்கிறது. ஆகவே வேலைக்காரி வேலையை விட்டுவிட்டு வரவேற்பறைக்கு வந்துதான் ஆக வேண்டும். வந்தவள் என்ன செய்வாள்? ஒட்டுக்கேட்பாள், கோள் சொல்லுவாள், சம்பளம் கேட்பாள். கதவைத் தட்டாமல் உள்ளே வந்து ரகசியத்தை உடைக்க ஒரு பாத்திரம் கதாசிரியருக்குத் தேவைப்படுகிறது.

இது புதிதும் அல்ல. கிறிஸ்துவுக்கு ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியில் பிளாட்டஸ் என்பவர் எழுதிய வேடிக்கை நாடகங்களில் தந்திரக்கார அடிமைதான் முக்கிய சிரிப்புப் பாத்திரம். சவுக்கடி மிரட்டல்கூட அங்கே நகைச்சுவை. அதே ரோமாபுரியில் பிறகு ஒரு சபை எழும்பியது. ரோமர் 16-ஆம் அதிகாரத்தில் பவுல் வாழ்த்துச் சொல்லும் பெயர்களில் பல, அக்காலத்தில் அடிமைகளுக்கும் விடுதலை பெற்ற அடிமைகளுக்கும் வழங்கிய பெயர்கள் என்று வேத அறிஞர்கள் காட்டுகிறார்கள். நாடக அரங்கில் சிரிப்புக்குரியவர், சபையில் பெயர் சொல்லி வாழ்த்தப்படும் பரிசுத்தவான்.

நகைச்சுவையில் எல்லாரையும்தான் மிகைப்படுத்துகிறார்கள், மாமியாரையும் மருமகளையும் விடவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மாமியாரைப் பற்றிய மிகையை நம் வீட்டு மாமியாரைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். வேலைக்காரப் பெண்ணை எஜமானி பார்ப்பது நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம். அதுவும் குனிந்த முதுகைத்தான். மீதி இருபத்திரண்டரை மணி நேரத்தை டி.வி. நிரப்பிவிடுகிறது. அதனால்தான், ஒரு மோதிரம் காணாமற்போனால் தேடுவதற்கு முன்னே சந்தேகம் பிறக்கிறது.

அவளுக்கு வீடு இல்லை என்றேன். டெல்லி ஜங்புராவில், பாராபுல்லா வடிகாலோரம் பல பத்தாண்டுகளாக நம் தமிழ் மக்கள் வாழ்ந்த மதராஸி கேம்ப் 2025 ஜூன் 1-ஆம் தேதி இடிக்கப்பட்டதை அறிவீர்கள். சுமார் 370 குடிசைகள். ஏறக்குறைய பாதிக் குடும்பங்களுக்கே மாற்று வீடு, அதுவும் நகரத்தின் வடகோடியிலுள்ள நரேலாவில். அங்கிருந்த பெண்கள் பலர் சுற்றுப்புறக் குடியிருப்புகளில் வீட்டு வேலை செய்தவர்கள். நடந்துபோகும் தூரத்தில் குடியிருந்தால்தான் காலை ஆறரை மணி வீடு சாத்தியம். நரேலாவிலிருந்து பஸ் பிடித்து வருகிறவளுக்கு அந்த வேலை நிலைப்பது எப்படி? வேலைக்காரி அடுத்த காட்சியில் எப்படியும் வந்துவிடுவாள் என்று பழகிய கண்களுக்கு இந்தக் கேள்வி எழாது.

வேதத்தில் ஒரு வேடிக்கைக் காட்சி

வேதத்திலும் ஒரு வேலைக்காரப் பெண்ணைக் கொண்ட சிரிப்புக் காட்சி உண்டு. அப்போஸ்தலர் 12:12-16. பேதுரு சிறையிலிருந்து தூதனால் விடுவிக்கப்பட்டு, மாற்கு எனப்பட்ட யோவானின் தாயாகிய மரியாள் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். உள்ளே அநேகர் கூடி ஜெபிக்கிறார்கள். ரோதை என்னும் பெண் வந்து, பேதுருவின் சத்தத்தை அறிந்து, சந்தோஷத்தில் கதவைத் திறக்க மறந்து உள்ளே ஓடிச் செய்தி சொல்லுகிறாள். ஜெபித்துக்கொண்டிருந்தவர்களோ அவளைப் பைத்தியக்காரி என்கிறார்கள். அவள் விடாமல் சாதிக்கிறாள். பேதுரு வெளியே தட்டிக்கொண்டே நிற்கிறான்!

இந்தக் காட்சியில் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? ரோதையைப் பார்த்தா? கதவைத் திறக்க மறந்ததற்காகச் சற்றே சிரிக்கலாம். ஆனால் கேட்ட ஜெபத்துக்குப் பதில் வாசலில் நிற்கையில் நம்பாத அந்த ஜெபக்கூட்டத்தைப் பார்த்துத்தான் நன்றாகச் சிரிக்க வேண்டும். வாசல் காக்கிறவளுக்குத்தான் சத்தம் அடையாளம் தெரிந்தது. பரிசுத்த ஆவியானவர் அவளுடைய பெயரையும் எழுதி வைத்தார்.

ஆகாரைப் பாருங்கள். ஆதியாகமம் 16-ஆம் அதிகாரத்தில் சாராயும் ஆபிராமும் அவளைக் குறித்துப் பேசும்போதெல்லாம் அடிமைப்பெண் என்றே சொல்லுகிறார்கள். அவளுடைய பெயர் அவர்கள் வாயில் ஒரு முறையும் வரவில்லை. வனாந்தரத்தில் கர்த்தருடைய தூதனானவர்தான் ஆகாரே என்று அழைத்து, எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று விசாரிக்கிறார். நம் வீட்டில் வேலை செய்யும் பெண் எங்கிருந்து வருகிறாள், வேலை முடிந்து எங்கே போகிறாள் என்று நமக்குத் தெரியுமா? மும்பையில் எல்லாருக்கும் 'பாயி' என்ற ஒரே பெயர். நகைச்சுவைத் துணுக்குகளில் 'காந்தாபாயி'. பையன் என்றால் 'சோட்டூ'. பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் முதல் நம் தேசத்தில் தடை செய்யப்பட்டது என்பதையும் இங்கே நினைவூட்டுகிறேன். படிக்க வைக்கிறோம் என்று சொல்லி ஊரிலிருந்து உறவுக்காரப் பிள்ளையை அழைத்து வந்து வைத்திருக்கிற விசுவாச வீடுகள் உண்டு. வீட்டுக்காரருக்கு இது உறைக்கட்டும்.

ஏனென்றால் இன்று நம் சபையில் இரு சாராரும் இருக்கிறோம். தாய் பாத்திரம் தேய்த்துப் படிக்க வைத்த மகன் இப்போது கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல வேலையில் இருக்கிறான். தானேயிலோ, ஒயிட்ஃபீல்டிலோ, குர்கானிலோ சொந்த ஃப்ளாட். அவன் வீட்டில் இப்போது வேறொரு தாய் பாத்திரம் தேய்க்கிறார். கர்த்தர் உயர்த்தினார் என்று சாட்சி சொல்லுகிறோம், சொல்ல வேண்டியதுதான். உபாகமம் 5:14, 15-இல் ஓய்வுநாளைக் குறித்துக் கர்த்தர் கட்டளையிடுகையில், உன்னைப்போல உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும் என்று சொல்லி, நீ எகிப்தில் அடிமையாயிருந்ததை நினை என்கிறார். அந்தப் பழைய குடிசையை நினைக்கிறவனுக்குச் சம்பளத்தைக் குறித்துப் பேரம் பேச வாய் வராது.

சட்டம் என்ன சொல்லுகிறது என்பதையும் நம் சகோதரிகள் அறிந்திருக்க வேண்டும். கர்நாடகம் 2004-இலேயே வீட்டு வேலைக்குக் குறைந்தபட்ச ஊதியத்தை அறிவித்தது. மகாராஷ்டிரத்தில் 2008-இல் வீட்டு வேலையாட்கள் நலவாரியச் சட்டம் இயற்றப்பட்டது. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வேலை செய்யும் வீடும் பணியிடமே. மாவட்ட அளவிலான குழுவிடம் புகார் கொடுக்கலாம். வெளியே சொன்னால் வேலை போகும் என்று கண்ணீரோடு ஜெபக்குறிப்பு மட்டும் எழுதித் தரும் சகோதரிகளே, இதை அறிந்துகொள்ளுங்கள். வீட்டு வேலையாட்களுக்கான சர்வதேச உடன்படிக்கை 2011-இல் ஜெனீவாவில் நிறைவேறியபோது நம் தேசம் ஆதரவாக வாக்களித்தது. ஆனால் அதற்குச் சட்டபூர்வமான ஒப்புதலை அளிக்கவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், இவர்களுக்கென்று தனிச் சட்ட ஏற்பாடு தேவையா என ஆராயக் குழு அமைக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. யோபு எந்த நீதிமன்ற உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. தன் வேலைக்காரியின் வழக்கைத் தான் அசட்டை செய்திருந்தால் தேவனுக்கு முன் என்ன பதில் சொல்வேன், என்னை உண்டாக்கினவர் அவளையும் உண்டாக்கினாரே என்று 31-ஆம் அதிகாரத்தில் நடுங்குகிறான்.

இனி என் சொந்தக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு ஆராதனைக்குத் தாமதமாக வந்து பின்வரிசையில் ஈரத் தலையோடு உட்காருகிறவர்களை நான் மேடையிலிருந்து கண்டித்ததுண்டு. வேலை வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி நாள் என்பதை நான் யோசிக்கவில்லை. இன்னொன்றும் உண்டு. மேலே சொன்ன அதே சகோதரி, நான்கு வீடுகளை முடித்துவிட்டு, ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் நம் சபை மண்டபத்தைப் பெருக்கித் துடைத்து, நாற்காலிகளைப் போட்டு வந்தார். ஏழு ஆண்டுகளாக. "கர்த்தருக்குச் செய்றேன் ஐயா" என்பார். நாங்களும் ஸ்தோத்திரம் சொல்லி ஒரு டீ கொடுத்து அனுப்பிவந்தோம்.

டி.வி. அணைந்த அந்த நாளைப் பற்றி என் மனைவியிடம் சொன்னபோது, அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கீபோர்டு வாசிக்கிற தம்பியும் கர்த்தருக்குத்தானே வாசிக்கிறார்? அவருக்கு மாசாமாசம் கவர் கொடுக்கிறோமே?"

சபைக் குழுவில் பேசினேன். ஒருவர் மட்டும், ஊழியத்துக்குக் கூலி பேசலாமா என்று தயங்கினார், மற்றவர்கள் ஒத்துக்கொண்டார்கள். முதல் மாதச் சம்பளத்தை என் மனைவியின் கையிலிருந்து அந்தச் சகோதரி வாங்க மறுத்தார். பிறகு வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஐயா, சபையில வாங்குற காசுக்கும் தசமபாகம் கொடுக்கணுமா?"

இருபத்தெட்டு ஆண்டு ஊழியத்தில் தசமபாகத்தைக் குறித்து நான் பிரசங்கித்தவை கொஞ்சமல்ல. அன்றைக்கு, "அது உங்க கூலி அம்மா, நீங்களே முடிவு பண்ணுங்க" என்று மட்டும் சொன்னேன்.